மைல்டு சுருட்டின் தரத்தை எடைபோடுவது எப்படி?

மைல்டு என்றால் நிகோடின் காட்டம் குறைவு, அவ்வளவுதான். சுவையும் குறைவாகத்தான் இருக்கும் என்று புதிதாக வருபவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். காட்டமான சுருட்டில் மிளகு நெடியே பாதிக் குறையை மூடிவிடும், இதில் அந்த வசதி இல்லை. இலை மோசமென்றாலும் சுற்றியவர் அவசரப்பட்டிருந்தாலும் உடனே தெரிந்துவிடும். (புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்ப் புற்றுநோய் ஆபத்து உண்டு. மைல்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

படி 1: கையில் எடுத்துப் பாருங்கள்

மைல்டில் பெரும்பாலும் கனெக்டிகட் ஷேட் மேலிலைதான் இருக்கும். துணிப் பந்தலின் நிழலில் வளரும் வெளிர் பழுப்பு இலை. எக்குவடோரில் விளைவதற்கு மேகமூட்டமே பந்தல். மெல்லிய இலை என்பதால் கீறல், தடித்த நரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அடியிலிருந்து (கொளுத்தும் முனை) நுனிவரை மெதுவாக அழுத்துங்கள். ஓரிடம் பொதபொதவென்று இருந்தால் உள்ளே இலை போதவில்லை, கல் மாதிரி இருந்தால் அடைப்பு.

படி 2: வெட்டி, கொளுத்தாமல் இழுங்கள்

வாயில் வைக்கும் முனையை மூடியிருக்கும் இலைமூடியில் சுமார் 2 மில்லிமீட்டர் வெட்டினால் போதும். காற்று லேசான தடையோடு வர வேண்டும். வைக்கோல், தேவதாரு வாசனை இங்கேயே கிடைக்கலாம்.

படி 3: பற்றவையுங்கள்

தீ நேரடியாகத் தொடாமல் அடியைச் சுற்றிச் சுற்றிச் சூடாக்கி, பிறகு இழுங்கள்.

படி 4: சுவை

முதல் சில இழுப்புகளை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம். வேகமாக இழுத்தால் சூடேறிக் கசக்கும், அந்தக் கசப்புக்குச் சுருட்டைக் குறை சொல்ல முடியாது. புகையை வாயில் வைத்திருந்து, கொஞ்சத்தை மட்டும் மூக்கு வழியாக விட்டுப் பாருங்கள், சுவையில் பெரும்பங்கு அங்கேதான் தெரியும்: பாலாடை, முந்திரி, வறுத்த ரொட்டி, மெல்லிய வெள்ளை மிளகு. நீளத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு வரி எழுதுங்கள். மூன்றிலும் ஒரே வரிதான் வருகிறதென்றால் சலிப்பான சுருட்டு. அமோனியா நெடி அடித்தால் இலை சரியாகப் பதமாகவில்லை. எடைபோடும்போது தண்ணீர் மட்டும் குடியுங்கள், காபி எல்லாவற்றையும் மூடிவிடும்.

படி 5: எரிவது

ஒரு பக்கம் மட்டும் ஓடி எரிகிறதா? கொஞ்ச நேரம் விட்டால் சில சமயம் தானே சரியாகும். திரும்பத் திரும்ப நெருப்பு காட்ட வேண்டியிருந்தால் சுற்றியதில் கோளாறு, இல்லை ஈரம் அதிகம். நீள இலைகளால் சுற்றியதென்றால் சாம்பல் ஒரு அங்குலம் வரை நிற்கும். சாம்பல் வெள்ளையாக இருப்பதைத் தரமென்று சொல்வார்கள், நம்பாதீர்கள். அது பெரும்பாலும் மண்ணின் தாதுக்கள் செய்யும் வேலை.

படி 6: விலைக்குத் தகுமா?

ரொபஸ்டோ அளவு, அதாவது 5 அங்குல நீளம், 50 ரிங் (ஒரு ரிங் என்பது அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு), நிதானமாகப் பிடித்தால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரும். அதே அளவில் பாதி விலைச் சுருட்டு ஒன்றையும் வாங்கி, இரண்டின் பெயர்ப் பட்டையையும் யாரையாவது கழற்றச் சொல்லிவிட்டு வெவ்வேறு நாளில் பிடித்துப் பாருங்கள். ஒன்றை வைத்து மட்டும் பெட்டியாக வாங்க வேண்டாம், மூன்று உதிரியாக வாங்கி 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். மூன்றில் இரண்டு அடைத்துக்கொண்டால், மூன்றாவது எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் நான் அந்தப் பெட்டியை வாங்க மாட்டேன்.