அழிந்த கண்டல் கரையை ஓராண்டு அவதானிப்பது எப்படி

திருகோணமலையில் கடலோரச் சேற்றில் வளரும் கண்டற்காடு அழிவதைக் கண்டு மனம் நொந்தவர்கள் பெரும்பாலும் படம் எடுத்துப் பகிர்கிறார்கள், அல்லது மறுவாரமே கன்று நடப் புறப்படுகிறார்கள். இவ்விரண்டுக்கும் முன்பாகச் செய்யவேண்டியது, ஒரே இடத்துக்கு ஓராண்டு முழுவதும் திரும்பத் திரும்பச் சென்று, அங்கே என்ன போயிற்று, என்ன தானாக வருகிறது என்பதைக் கொப்பியில் எழுதிவைப்பதாகும்.

கிண்ணியா, தம்பலகாமக் குடாவோரம், உப்பாறு, மூதூர் என உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய இடமாகப் பாருங்கள். செழித்த காட்டைவிட, பாதி வெட்டுண்டதோ ஓரத்தில் மண் கொட்டப்பட்டதோ ஆன கரையே இதற்கு ஏற்றது. பத்து அடிகள் நீளமும் பத்து அடிகள் அகலமும் கொண்ட துண்டு போதும்; அதன் நான்கு மூலைகளையும் அங்குள்ள மரங்களையோ கற்களையோ கொண்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். தில்லை மரத்தின் கிளையை மட்டும் ஒடிக்கவேண்டாம்; அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

முதலில் எழுதவேண்டியது நீரைப் பற்றி. எங்கள் கரையில் கடல் ஏறி இறங்கும் அளவு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், ஒரு மதகு குப்பையால் அடைபட்டாலே உள்ளே நிற்கும் மரங்கள் அனைத்தும் பாதிக்கப்படும். வெளியேற வழியில்லாத நீர் கண்ணா என்ற கண்டல் மரத்தின், சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் மூச்சுவேர்களை நாட்கணக்கில் மூடிவிடும். வரத்து நின்றுபோன இடத்திலோ வெயிலில் உப்பு ஏறி, யாரும் கத்தி வைக்காமலே மரம் நின்றபடி பட்டுப்போகும். ஆகவே நீர் எந்தப் பக்கமாக வருகிறது, எங்கே தேங்குகிறது என்பதைச் சிறு வரைபடமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தரை. நான் தொடக்கத்தில் பறவைகளை மட்டுமே எண்ணிக்கொண்டு தரையைப் பாராமல் ஒரு பருவத்தை வீணாக்கினேன். கண்டல் இனங்கள் சிலவற்றின் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காயைப் போல நீண்டு தொங்கி, விழுந்தபின் சேற்றில் ஊன்றிக்கொள்ளும் அல்லது மிதந்து வேறிடம் சேரும். வாடைக்கு முன் புரட்டாதியிலும், மழைநீர் வடிந்தபின் மாசியிலும், கச்சான் காற்று காய்த்தெடுக்கும் ஆடியிலுமாக மூன்று முறை, உங்கள் துண்டில் தாமாக முளைத்த கன்றுகளை எண்ணுங்கள். வெட்டிய அடிமரங்களுக்கு நடுவே ஆடியிலும் இலை வாடாமல் நிற்கும் கன்று எத்தனை என்பதே நம்பிக்கைக்கு நான் அறிந்த மிகத் திடமான அளவு.

பறவைகளைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை போதும். வடக்கிலிருந்து வரும் உள்ளான் வகைகள் ஏறத்தாழ ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரையே இங்கு பெருமளவில் தங்கும்; ஆனியில் சேற்றுமேடு வெறிச்சோடியிருப்பதை அழிவு என்று எழுதிவிடாதீர்கள்.

நடுவதற்கு அவசரப்படாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. சுனாமிக்குப் பின் இலங்கையில் கண்டல் நடப்பட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வொன்று, அவற்றுள் ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூடத் தப்பவில்லை என்று கண்டது. பொருந்தாத இடத்தில் பொருந்தாத இனத்தை நட்டதும், நட்டபின் பராமரியாததும் முதன்மைக் காரணங்கள். கன்றுகள் தாமாக வருமிடத்தில் நடுகையே தேவையில்லை. மாடு மேயாமலும் மண் கொட்டப்படாமலும் பார்த்துக்கொண்டால் போதும். வராத இடத்திலோ, உங்கள் நீர் வரைபடம் எந்த மதகைத் திறக்கவேண்டும் என்பதைக் காட்டிவிடும்.

ஒவ்வொரு முறையும் ஒரே கல்லின்மேல் நின்று, ஒரே திசையில் ஒரு படம் எடுத்துத் திகதியிட்டு வையுங்கள். பிரதேச செயலகத்துக்கோ கரையோரம் பேணல் திணைக்களத்துக்கோ முறையிடும்போது, மனுவுடன் அந்தப் படங்களையும் எண்ணிக்கைகளையும் திகதி வரிசையில் இணைத்துக் கொடுங்கள்.