புது ஏஜென்ட் எந்தக் கம்பெனிகளோடு சேரலாம்?

தனியாக இன்சூரன்ஸ் ஏஜென்சி தொடங்கியதும், கூப்பிடுகிற கம்பெனிகள் எல்லாவற்றோடும் ஒப்பந்தம் போட்டுவிடத் தோன்றும். வேண்டாம். ஆரம்பத்தில் மூன்று, நான்கு போதும். பல ஒப்பந்தங்களில் வருடத்துக்கு இவ்வளவு பிரீமியம் கொண்டுவர வேண்டும் என்று ஓர் இலக்கு இருக்கும். வருகிற வியாபாரத்தைப் பத்துப் பக்கம் பிரித்தால் ஒன்றில்கூட அதை எட்ட முடியாது.

உங்களிடம் வரப்போகிறவர்கள் யார்? இளம் குடும்பங்களா, கடைக்காரர்களா, பழைய வீடு வைத்திருப்பவர்களா? ஒரே மாதிரி ஆட்களை மட்டும் ஏற்கும் இரண்டு கம்பெனிகள் எதற்கு? ஒன்று மறுக்கும் வாடிக்கையாளரை இன்னொன்று ஏற்க வேண்டும்.

முதல் வருடக் கமிஷன் கண்ணைப் பறிக்கும். சரி, புதுப்பிப்புக் கமிஷன் எவ்வளவு? பாலிசி பாதியில் நின்றுபோனால் வாங்கிய கமிஷனைத் திருப்பித் தர வேண்டுமா? நீங்கள் விலகினால் வாடிக்கையாளர்கள் யார் பக்கம்? கையெழுத்துப் போடும் முன் மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்கத்தான் பலரும் கூச்சப்படுகிறார்கள். பல வருட உழைப்பு அந்த ஒரு வரியில் கைவிட்டுப் போகலாம்.

கம்பெனியின் பண பலத்தைப் பார்க்க, 1899இல் தொடங்கிய ஏ.எம். பெஸ்ட் போன்ற நிறுவனங்களின் மதிப்பீடு உதவும். ஆனால் க்ளெய்மில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது அதில் தெரியாது. அதை அங்கே நாலைந்து வருடம் ஓட்டிய ஏஜென்டிடம் கேளுங்கள். அப்புறம், க்ளெய்ம் பிரிவுக்கு நீங்களே ஒருமுறை போன் போட்டுப் பாருங்கள், எவ்வளவு நேரம் காக்க வைக்கிறார்கள் என்று.