முதல் மஸில் கார் வாங்கப் போறீங்களா? தகரத்தை முதல்ல பாருங்க, இன்ஜினை அப்புறம் பாக்கலாம்

டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் அவென்யூல ஆகஸ்ட் மாசம் மூணாவது சனிக்கிழமை நடக்கற ட்ரீம் க்ரூஸ்ங்கற பழைய கார் ஊர்வலம் பாத்தவங்க எல்லாரும் ஒரு தடவையாவது மனசுக்குள்ள கணக்குப் போட்டிருப்பீங்க, நாமளும் ஒரு மஸில் கார், அதாவது 1964லேர்ந்து 73 வரைக்கும் பெரிய இன்ஜினோட வந்த அமெரிக்கக் கார், வாங்கினா என்னன்னு. இந்தப் பக்கம் கார் கம்பெனிகள்ல வேலை பாக்கற நம்ம தமிழ் ஆளுங்க என்கிட்ட அடிக்கடி கேக்கறதும் இதே தான், எங்க ஆரம்பிக்கறது, எதைப் பாத்து வாங்கறது, ஏமாந்துட மாட்டோமான்னு. அவங்களுக்கும், வேற மாநிலத்துல இருந்துக்கிட்டு ராத்திரி பன்னெண்டு மணிக்கு விளம்பரம் விளம்பரமா புரட்டிட்டு இருக்கறவங்களுக்கும் சேத்து தான் இது. ஒரு விஷயத்தை முன்னாடியே சொல்லிடறேன். முதல் காருக்குப் பெரிய இன்ஜினைத் தேடாதீங்க, துருப் பிடிக்காத பாடியைத் தேடுங்க. மத்ததெல்லாம் அதுக்கப்புறம் தான்.

ஸ்டெப் 1: இந்த ஆசை எங்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சுக்கங்க

இது வெட்டிப் பேச்சு இல்ல, எந்த வருஷத்துக் கார் வாங்கணும்னு முடிவு பண்ண இது வேணும். 1964ல ஜெனரல் மோட்டார்ஸ்ல ஒரு கட்டுப்பாடு இருந்துச்சு, நடுத்தர சைஸ் கார்ல 330 கன அங்குலத்துக்கு மேல இன்ஜின் வைக்கக் கூடாதுன்னு. பான்டியாக் டிவிஷன்ல ஜான் டெலோரியனும் அவரோட இன்ஜினியர்களும் என்ன பண்ணாங்கன்னா, பெரிய கார்ல போடற 389 கன அங்குல இன்ஜினைத் தூக்கி டெம்பெஸ்ட்ல வெச்சு, அதைப் புது மாடல்னு சொல்லாம 296 டாலர் கிட்ட ஒரு ஆப்ஷன் பேக்கேஜா வித்தாங்க. அது தான் ஜிடிஓ. முதல் வருஷமே 32 ஆயிரத்துக்கு மேல போச்சு. அதே வருஷம் ஏப்ரல் 17ல ஃபோர்டு மஸ்டாங் வந்துச்சு, 1966 மார்ச்சுக்குள்ள பத்து லட்சமாவது மஸ்டாங் ஃபேக்டரியை விட்டு வெளிய வந்துருச்சு. 1946ல, உலகப் போர் முடிஞ்ச கையோட பொறந்த பசங்களுக்கு 1964ல தான் பதினெட்டு வயசு, பெட்ரோல் சீப், வேலை இருந்துச்சு, கையில காசும் இருந்துச்சு.

1970ல உச்சம். அந்த வருஷம் ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் 454ல எல்எஸ்6 இன்ஜினுக்கு 450 எச்பின்னு போட்டாங்க. 1971ல ஈயம் கம்மியான பெட்ரோலுக்கு ஏத்த மாதிரி கம்ப்ரெஷனைக் குறைச்சாங்க, இன்சூரன்ஸ்காரங்க சின்னப் பசங்களுக்கு ப்ரீமியத்தை ஏத்திட்டாங்க, 1973 அக்டோபர்ல எண்ணெய்த் தடை வந்துச்சு, அதோட முடிஞ்சது. மொத்தமே பத்து வருஷம் கூட இல்ல. அந்தக் கார்களைப் புதுசா வாங்கினவங்களுக்கு இன்னிக்கு எழுபத்தஞ்சு எண்பது வயசு ஆச்சு, முட்டி வலியில க்ளட்ச் மிதிக்க முடியலன்னு விக்கறாங்க, இல்லன்னா அவங்க பிள்ளைங்க விக்கறாங்க. உங்களுக்கு நல்ல கார் கிடைக்கப் போறது பெரும்பாலும் இவங்ககிட்ட தான். ஒரே கையில இருந்த கார், 1969லேர்ந்து ஒவ்வொரு ஆயில் சேஞ்ச் பில்லும் ஒரு டப்பாவுல. அவங்க பேச ஆரம்பிச்சா அவசரப்படுத்தாம உக்காந்து கேளுங்க, அந்தக் காரோட முழு ஜாதகமும் அதுல வந்துரும்.

அப்ப பொறக்கவே இல்லாத நமக்கு ஏன் இது பிடிக்குதுன்னா, என்னைப் பொறுத்தவரை முதல் காரணம் அந்தச் சத்தம். ஷெவர்லே வி8ல, அதாவது பக்கத்துக்கு நாலா எட்டு சிலிண்டர் உள்ள இன்ஜின்ல, ஒற்றைப்படை சிலிண்டரெல்லாம் டிரைவர் பக்கம், இரட்டைப்படையெல்லாம் அந்தப் பக்கம். சிலிண்டர்கள் ஒண்ணு மாத்தி ஒண்ணு எரியற வரிசை, அதாவது ஃபயரிங் ஆர்டர், 1-8-4-3-6-5-7-2. இதை ஒரு தடவை மெதுவாப் படிச்சுப் பாருங்க, 8ம் 4ம் அடுத்தடுத்து ஒரே பக்கம், 5ம் 7ம் அடுத்தடுத்து ஒரே பக்கம், அதனால ஒவ்வொரு பக்கத்துக் குழாய்லயும் புகை சீரான இடைவெளில வராம ரெண்டு சேந்து, அப்புறம் ஒரு இடைவெளி விட்டு, இப்படி முன்ன பின்ன வருது. ஐடிலிங்ல நெஞ்சுல வந்து அதிர்ற அந்த உறுமல் இது தான். ரெண்டாவது காரணம், பானட்டைத் தூக்கினா எல்லாமே கண்ணுக்குத் தெரியும். கார்புரேட்டர் இங்க, டிஸ்ட்ரிப்யூட்டர் அங்க, ஸ்பேனரை உள்ள விட இடம் இருக்கு. லேப்டாப் மாட்டாம நம்ம கையாலயே சரி பண்ணிக்கலாம்.

ஸ்டெப் 2: மாடலை முடிவு பண்ணுங்க

வேகத்துக்காக வாங்கறதா இருந்தா வேண்டாம். 2024 வரைக்கும் வந்த வி6 டொயோட்டா கேம்ரிலயே 301 எச்பி இருந்துச்சு. இதுல இன்னொண்ணு, 1971 வரைக்கும் போட்ட எச்பி எல்லாம் ஏர் க்ளீனர், சைலன்சர் எதுவும் இல்லாம இன்ஜினைத் தனியா ஸ்டாண்டுல வெச்சு அளந்தது, 1972லேர்ந்து கார்ல இருக்கற மாதிரியே வெச்சு அளந்தாங்க. 1971 ஷெவர்லே கமேரோல 350 இன்ஜினுக்கு 270னு இருக்கும், 1972ல கிட்டத்தட்ட அதே இன்ஜினுக்கு 200. அதனால 72, 73 கார்களை நம்பரைப் பாத்து ஒதுக்கிடாதீங்க, விலையும் கொஞ்சம் இறங்கி வரும்.

புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது மூணு தான். 1965லேர்ந்து 68 வரைக்கும் உள்ள மஸ்டாங் கூபே, 289 இன்ஜினோட. எக்கச்சக்கமா செஞ்சதால எல்லா பார்ட்டும் இன்னும் புதுசாக் கிடைக்குது. அடுத்தது 1968-72 ஓல்ட்ஸ்மொபில் கட்லஸ், 350 இன்ஜின். ஷெவெலும் ஜிடிஓவும் உக்காந்திருக்கற அதே ஜெனரல் மோட்டார்ஸ் அடித்தளம், ஏ-பாடி தான் இதுக்கும், பேர் தான் வேற, அந்தப் பேருக்குத் தான் நீங்க அதிகமா காசு குடுக்கறீங்க. மூணாவது டாட்ஜ் டார்ட், 318 வி8. ஹெமி, 454 மாதிரிப் பெரிய இன்ஜின்களை இப்ப மறந்துடுங்க. 1971 ஹெமி குடா கன்வெர்ட்டிபிள் ஒண்ணு 2014ல சியாட்டில் ஏலத்துல 35 லட்சம் டாலருக்குப் போச்சு, அந்த மாதிரிக் காரை மழைக்குப் பயந்து யாரும் வெளியவே எடுக்க மாட்டாங்க. நாம ஓட்டறதுக்குத் தானே வாங்கறோம்.

ஸ்டெப் 3: பேப்பரும் நம்பரும்

வின் நம்பர்ங்கறது ஒவ்வொரு காருக்கும் கம்பெனி குடுக்கற அடையாள நம்பர். 17 இலக்க வின் நம்பர் 1981ல தான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை. மஸ்டாங்ல அஞ்சாவது எழுத்து இன்ஜினைச் சொல்லும், 65 கார்ல அது சி-ன்னா சாதாரண 289, கே-ன்னா ஹை பெர்ஃபார்மன்ஸ் 289. கே கோட்னு சொல்லி விலையை ஏத்தறவங்க கிட்ட முதல்ல அந்த எழுத்தைக் காட்டச் சொல்லுங்க. ஆனா 1969 கமேரோல வின் நம்பர் வி8ஆ ஆறு சிலிண்டரான்னு மட்டும் தான் சொல்லும், எஸ்எஸ்ஸான்னு, அதாவது விலை கூடின சூப்பர் ஸ்போர்ட் வகையான்னு சொல்லாது. அதனால தான் சாதாரண கமேரோல எஸ்எஸ் பேட்ஜ் ஒட்டி விக்கறது ரொம்ப சுலபம். பான்டியாக்ல 1966லேர்ந்து 71 வரைக்கும் ஜிடிஓ தனி மாடல், வின் நம்பர் 242ன்னு ஆரம்பிக்கணும், 237னு ஆரம்பிச்சா அது லெமான்ஸ்ங்கற சாதாரண மாடல், மேல என்ன பேட்ஜ் இருந்தாலும் சரி.

லெமான்ஸை ஜிடிஓ மாதிரி மாத்தினதுல தப்பு எதுவும் இல்ல, ஓட்ட ஜம்முனு இருக்கும். லெமான்ஸ் விலைக்கு வாங்குங்க, அவ்ளோ தான்.

1967லேர்ந்து வந்த ஃபோர்டுக்கு மார்ட்டி ரிப்போர்ட் வாங்கலாம், அந்தக் கார் ஃபேக்டரியை விட்டு என்ன கலர்ல என்ன ஆப்ஷனோட வந்துச்சுன்னு அதுல இருக்கும். பான்டியாக்குக்கு இதே விவரத்தை பிஎச்எஸ்ங்கற இடத்துல வாங்கலாம். டாட்ஜ், ப்ளிமத்னா பானட்டுக்குக் கீழ ஃபெண்டர்ல ஒரு சின்னத் தகடுல இந்த விவரம் இருக்கும், சில சமயம் பின் சீட் ஸ்ப்ரிங்குக்குள்ள அசெம்ப்ளி லைன் ஷீட்டே மடிஞ்சு கிடக்கும். கடைசியா, டைட்டில்ல, அதாவது காரோட உரிமைப் பத்திரத்துல, இருக்கற நம்பரும் கார்ல இருக்கற நம்பரும் ஒரு எழுத்து மாறினாக்கூட பணத்தைக் குடுக்காதீங்க.

ஸ்டெப் 4: துரு

இதுக்கு அரை நாள் ஒதுக்குங்க. மெல்லிய துணி சுத்தின ஒரு சின்ன காந்தம், நல்ல டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், முட்டி போட ஒரு பழைய பாய், ஒரு பாட்டில் தண்ணி, இவ்ளோ போதும்.

பெயின்ட் பளபளன்னு இருந்தா சந்தோஷப்படாதீங்க, கவனமா இருங்க. காந்தத்தைப் பின் வீலுக்குப் பின்னாடி கீழ்ப் பக்கமா, கதவோட அடி ஓரமா, முன் ஃபெண்டர்ல கதவை ஒட்டின கீழ் மூலையில வெச்சுப் பாருங்க. பிடிக்காம வழுக்கினா அங்க தகரம் இல்ல, பட்டி பூசியிருக்கு. கொஞ்சமா பட்டி இருக்கறது சகஜம், கை அகலத்துக்குக் காந்தமே பிடிக்கலன்னா அது வேற கதை. அப்புறம் டிக்கி மேட்டைத் தூக்குங்க, ஸ்பேர் டயரை எடுத்துட்டு அடியில பாருங்க. ஏ-பாடி கார்ல பின் கண்ணாடிக்குக் கீழ தண்ணி தேங்கி, அங்க ஓட்டை விழுந்து, அந்தத் தண்ணி டிக்கிக்குள்ள இறங்கி, டிக்கித் தரையைத் தின்னுருக்கும், வெளியேர்ந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது. வினைல் ரூஃப் போட்ட கார்னா ஓரத்தை விரலால அழுத்திப் பாருங்க, உள்ள கொப்புளம் மாதிரி நொறுங்கினா விட்டுடுங்க.

மஸ்டாங்ல மட்டும் ஒரு தனி டெஸ்ட் இருக்கு. முன் கண்ணாடிக்குக் கீழ காத்து உள்ள போற ஜன்னல் மாதிரி வரிவரியா இருக்கும், அதை கவுல்னு சொல்வாங்க. ஓனர்கிட்ட கேட்டுட்டு அதுல தண்ணியை மெதுவா ஊத்துங்க, ஒருத்தர் உள்ள டாஷ்போர்டுக்கு அடியில தலையை விட்டு டார்ச் அடிச்சுப் பாக்கணும். தண்ணி சொட்டினா கவுல் ஓட்டை. அதைச் சரி பண்ண முன்னாடி பாதிக் காரையும் பிரிச்சு வெல்டிங் ஸ்பாட் ஒவ்வொண்ணா ட்ரில் பண்ணி எடுக்கணும். அடுத்து கார்ப்பெட்டைத் தூக்கி ஃப்ளோர் பேன், அதாவது தரைத் தகரத்தைப் பாருங்க, பானட்டைத் திறந்து ஷாக் அப்சார்பரோட மேல் முனை மாட்டியிருக்கற ஷாக் டவர்ல விரிசல் இருக்கான்னு பாருங்க, பாயை விரிச்சு அடியில போய் டார்க் பாக்ஸை, அதாவது அடிச் சட்டமும் பக்கவாட்டுச் சட்டமும் சேர்ற மூலைப் பெட்டியை, ஸ்க்ரூ டிரைவர் முனையால குத்துங்க. உள்ள போகக் கூடாது. ணங்குனு சத்தம் வரணும்.

இன்ஜினை எந்த ஊர்லயும் பிரிச்சு மாட்டித் தருவாங்க, விலையும் முன்னாடியே சொல்லிடுவாங்க. துருவுக்கு யாரும் முன்கூட்டி விலை சொல்ல முடியாது, தோண்டத் தோண்ட வந்துட்டே இருக்கும். அதனால அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கம் காஞ்ச ஊர்ல இருந்த கார்னா, சீட்டும் டாஷ்போர்டும் வெயில்ல வெடிச்சுப் போயிருந்தாலும், அதையே எடுங்க.

ஸ்டெப் 5: ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்க

போறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, நான் வந்தப்புறம் தான் ஸ்டார்ட் பண்ணணும்னு. போன உடனே பானட் மேல கை வெச்சுப் பாருங்க, சூடா இருந்தா ஏன்னு கேளுங்க.

பழைய அம்பாசிடர் ஓட்டினவங்களுக்கு சோக் இழுத்த ஞாபகம் இருக்கும், இதுல பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் சோக். ஆக்சிலரேட்டரை ஒரே ஒரு தடவை தரை வரைக்கும் அழுத்தி விடுங்க, அப்ப தான் சோக் மூடும், கொஞ்சம் பெட்ரோலும் உள்ள பீய்ச்சும். அப்புறம் சாவியைத் திருப்புங்க. கொஞ்சம் வேகமா ஐடில் ஆகும், சூடானதும் பெடலை லேசாத் தட்டினா சத்தம் இறங்கி அமைதியாகும். இதை நீங்களே பண்ணிப் பாருங்க.

புகையைப் பாருங்க. ஸ்டார்ட் ஆனவுடனே ஒரு தடவை மட்டும் நீலமா வந்தா வால்வ் சீல், பெரிய செலவில்ல. விடாம நீலமா வந்தா பிஸ்டன் ரிங், பேரத்துல நல்லா குறைக்கணும். சூடானப்புறமும் வெள்ளையா, இனிப்பு வாசனையோட வந்தா கூலன்ட் எரியுது. கறுப்புன்னா கார்புரேட்டர் ட்யூனிங், பயப்பட வேண்டாம்.

ஸ்டெப் 6: ஓட்டிப் பாருங்க, பிரேக்கை முதல்ல

இங்க தான் நான் கண்டிப்பா இருப்பேன். 1966ம் அதுக்கு முன்னாடியும் வந்த கார்கள்ல பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டர், அதாவது பிரேக் ஃப்ளூயிடை வீலுக்கு அழுத்தி அனுப்பறது, ஒத்தை அறை தான், ஒரு பைப் லீக் ஆனா நாலு வீலுக்கும் பிரேக் போயிடும். 1967லேர்ந்து ரெண்டு அறை. பழைய கார் வாங்கினீங்கன்னா பெயின்ட், வீல், ஸ்டீரியோ எல்லாத்துக்கும் முன்னாடி ரெண்டு அறை மாஸ்டர் சிலிண்டர் மாத்துங்க, முடிஞ்சா முன்னாடி டிஸ்க் பிரேக்கும். டிரம் பிரேக் ரெண்டு மூணு தடவை வேகமா அழுத்தினாலே சூடாகிப் பிடிக்காமப் போகும், அதனால முன்னாடி போற வண்டிக்கு நிறைய இடைவெளி விட்டு ஓட்டிப் பழகுங்க. டயர்ல பட்டன் எவ்ளோ இருந்தாலும் பக்கவாட்டுல இருக்கற நாலு இலக்கத் தேதியைப் பாருங்க, 3214னா 2014ல 32வது வாரம் செஞ்சது. பத்து வருஷம் தாண்டின டயர்ல ஹைவே போகாதீங்க.

முன் சீட்டுக்குத் தோள் பெல்ட் கட்டாயமானதே 1968 ஜனவரில தான். வாங்கற கார்ல இல்லன்னா மூணு பாயின்ட் பெல்ட் கிட் போட்டுட்டு அப்புறம் வீட்டாளுங்களை ஏத்துங்க, சின்னக் குழந்தைகளைப் புதுக் கார்லயே கூட்டிட்டுப் போங்க.

ஸ்டெப் 7: இன்சூரன்ஸ்

சாதாரண பாலிசில கார் போச்சுன்னா தேய்மானம் கழிச்சு ஏதோ குடுப்பாங்க. அக்ரீட் வேல்யூ பாலிசி எடுங்க, காரோட மதிப்பை முன்னாடியே ரெண்டு பேரும் எழுதி ஒத்துக்கறது. தினசரி ஓட்ட வேற கார் இருக்கணும், ராத்திரி பூட்டின கராஜ்ல நிக்கணும், இப்படி நிபந்தனை இருக்கும், ஆனா ப்ரீமியம் பெரும்பாலும் கம்மி தான். பழைய கார்களுக்குக் குடுக்கற ஹிஸ்டாரிக் நம்பர் ப்ளேட் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், மிஷிகன்ல 26 வருஷம் ஆகியிருக்கணும். கலிஃபோர்னியால 1975ம் அதுக்கு முந்தின மாடலும் ஸ்மாக் டெஸ்ட்டுக்கு, அதாவது புகைச் சோதனைக்குப் போக வேண்டியதில்ல, அங்க இருக்கறவங்க இதை வெச்சே வருஷத்தை முடிவு பண்ணலாம்.

ஸ்டெப் 8: வீட்டுக்கு வந்ததும்

முதல் வேலை பெட்ரோல் போற ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும் மாத்தறது. இன்னிக்கு பம்ப்ல வர்ற பெட்ரோல்ல பத்து சதவீதம் எத்தனால், பழைய ரப்பரை அது அரிச்சுரும், சூடான இன்ஜின் மேல பெட்ரோல் சொட்டினா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. அடுத்தது ஆயில். இந்த இன்ஜின்கள்ல வால்வைத் திறக்கறது ஃப்ளாட் டேப்பெட் கேம்ஷாஃப்ட், உலோகத்து மேல உலோகம் உரசும், அதுக்கு ஜிங்க் அதிகமா உள்ள ஆயில் வேணும், புதுக் காருக்கு ஊத்தறதை ஊத்தினா கேம்ஷாஃப்ட்டோட மேடு (கேம் லோப்) தேஞ்சுரும். கூலன்ட், பிரேக் ஃப்ளூயிட், கியர் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில், நாலையும் மாத்திட்டு தேதி எழுதி வெச்சுக்கங்க.

பனிக்காக ரோட்டுல உப்புப் போடற ஊர்னா நவம்பர்ல டேங்க்கை நிரப்பி பெட்ரோல் கெடாம இருக்க ஃப்யூவல் ஸ்டெபிலைசர் ஊத்தி, அஞ்சு பத்து நிமிஷம் ஓட விட்டு கார்புரேட்டர் வரைக்கும் அது போய்ச் சேந்தப்புறம் நிறுத்துங்க, பேட்டரி சார்ஜ் இறங்காமப் பாத்துக்கற பேட்டரி டெண்டர் மாட்டுங்க, ஹேண்ட் பிரேக்கைப் போடாம வீலுக்குக் கட்டை வைங்க, இல்லன்னா பிரேக் ஷூ டிரம்மோட ஒட்டிக்கும். ஏப்ரல்ல ரெண்டு மூணு நல்ல மழை பெஞ்சு ரோட்டு உப்பு கழுவிப் போனப்புறம், இன்ஜின் பத்திக்காம இருக்க காயில் வயரைக் கழட்டிட்டு ஆயில் ப்ரெஷர் ஏற வரைக்கும் விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுத்த விட்டு, பிரேக் பெடல் கெட்டியா இருக்கான்னு பாத்துட்டு, வயரை மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க.