பெரிய வம்சாவளிக் கோப்பை வேறு கணினிக்குக் கொண்டுபோகும் முறை

இராயபுரத்தில் என்னுடைய பழைய விண்டோஸ் கணினியில் தொகுத்த குடும்ப மரத்தை, வியாசர்பாடியில் சித்தப்பா மகன் வைத்திருக்கும் லினக்ஸ் மடிக்கணினிக்கும், பெரம்பூரில் அத்தை வீட்டிலுள்ள மேக் கணினிக்கும் பலமுறை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடியில் குடியேறிய கிளையையும் எங்கள் கிளையையும் ஒன்றாகச் சேர்க்கப் போனபோதுதான், கோப்பு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாலும் அதற்குள் இருக்கும் தமிழ்ப் பெயர்கள் பத்திரமாகப் போய்ச் சேர்வதில்லை என்பது விளங்கியது.

மென்பொருள் தனக்கென வைத்திருக்கும் தரவுத்தளக் கோப்பை அப்படியே நகலெடுக்க வேண்டாம். வேறொரு மென்பொருளால் அதைப் பெரும்பாலும் திறக்க முடியாது. இரு பக்கமும் கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள் இருந்தால், படங்களையும் உள்ளடக்கிய அதன் தொகுப்புக் கோப்பே நல்லது. மென்பொருள்கள் வேறுவேறாக இருந்தால், மார்மன் என்ற கிறித்தவச் சபையார் 1984இல் அறிமுகப்படுத்திய, வம்சாவளித் தரவைப் பரிமாறுவதற்கான ஜெட்காம் என்ற கோப்பு வடிவமே பொதுவழி. இன்றும் பரவலாகப் புழங்கும் அதன் 5.5.1 பதிப்பில் படங்கள் அடங்குவதில்லை. படம் இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே இருக்கும் என்பதால், படக் கோப்புறையைத் தனியாக எடுத்துச் செல்ல வேண்டும். படங்களுக்குச் சிறிய ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலும் மட்டும் பெயரிடுங்கள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் விண்டோஸுக்குப் பொதுவாக ஒன்றுதான், லினக்ஸுக்கோ அவை வேறு வேறு.

ஏற்றுமதி செய்யும்போது எழுத்துக் குறியீட்டு முறையாக, யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 என்பதையே தேர்ந்தெடுங்கள். பழைய மென்பொருள்கள் முன்வைக்கும் ஆன்செல் முறை இலத்தீன் எழுத்துகளுக்கானது. அதில் தமிழ் வெறும் கேள்விக்குறிகளாக மாறிவிடக்கூடும். 2021இல் வந்த ஜெட்காமின் 7.0 பதிப்பு யுடிஎஃப்-8ஐ மட்டுமே ஏற்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பெயர்கள் இருந்தால், முதலில் அவற்றை யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. ‘கோவிந்தன்’ என்ற பெயரின் முதலெழுத்திலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். தேடினால் ஒன்று கிடைக்காது, இணைத்தால் ஒரே தாத்தா இருவராகிவிடுவார். எங்கள் மரத்தில் அப்படித்தான் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்கே போயிற்று. பைத்தான் என்ற நிரல் மொழியின் யூனிகோடுடேட்டா தொகுதியிலுள்ள நார்மலைஸ் செயல்பாட்டைக் கொண்டு, இணைப்பதற்கு முன்பே இரு கோப்புகளையும் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

நீண்ட குறிப்புகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். 5.5.1 பதிப்பில் ஒரு வரிக்கு 255 எழுத்து என்பது வரம்பு. அதற்கு மேற்பட்டது அடுத்த வரியில் தொடரும். யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டு பிடிப்பதால், பைட்டுகளை எண்ணி வரியை வெட்டும் மென்பொருள் எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடக்கூடும். பெயரிலும் ஒரு கவனம் தேவை: தந்தை பெயரைக் குடும்பப்பெயர் இடத்தில் இட்டால், அட்டவணையில் உடன்பிறந்தோர் ஓரிடத்திலும் அவர்களின் பிள்ளைகள் வேறிடத்திலும் சிதறிப்போவார்கள். நான் அந்த இடத்தைக் காலியாகவே விடுகிறேன்.

ஜெட்காம் கோப்பு சிறியதுதான். தேவாலயப் பதிவேடுகளின் ஒளிப்படங்களை ஒன்றாகச் சுருக்கினால்தான் அளவு ஏறும். ஃபேட்32 என்ற கோப்பு முறையில் வடிவமைத்த பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது; என்டிஎஃப்எஸ் முறையை மேக் படிக்குமே தவிர, தானாக எழுதாது. எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்தால் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும்.

போய்ச் சேர்ந்ததும், மென்பொருள் காட்டும் ஆட்களின் எண்ணிக்கையும் குடும்பங்களின் எண்ணிக்கையும் இரு பக்கமும் ஒன்றுதானா என்று பாருங்கள். இணைக்கும் வேலையை ஒரே கணினியில் மட்டும் செய்யுங்கள். மற்றவர்கள் திருத்தங்களைத் தாளில் எழுதி அனுப்பினாலும் போதும்.