தொல்பாவையை வாசிப்பது எப்படி? ‘தாய்த்தெய்வம்’ என்று எழுதும் முன் பார்க்க வேண்டியவை

தொல்காலத்துச் சிறு பெண்ணுருவம் ஒன்றைக் கண்டதும் ‘தாய்த்தெய்வம்’ என்று எழுதிவிடுவதுதான் புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் செய்யும் பிழை. ‘இவள் யார்?’ என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள்.

படி 1: அளவும் பொருளும். ஆஸ்திரியாவில் 1908இல் கிடைத்த வில்லெண்டார்ஃப் பாவை படத்தில் பெரும் சிலையாகத் தோன்றும். உண்மையில் 11 செ.மீ.தான், உள்ளங்கையில் அடங்கிவிடும். அதனால் உயரத்தை முதலில் குறியுங்கள். பிறகு கல்லா, தந்தமா, சுடுமண்ணா என்று எழுதுங்கள். களிமண்ணைச் சில நிமிடங்களில் பிசைந்து உருவாக்கிவிடலாம். சுண்ணாம்புக்கல் அப்படி வளையாது. இரண்டிலும் போட்ட உழைப்பு வேறு.

படி 2: நிற்குமா, கிடக்குமா, தொங்குமா? ஜெர்மனியின் ஹோலே ஃபெல்ஸ் குகையில் கிடைத்த தந்தப் பாவைக்குத் தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வளையம்தான் உண்டு. கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருக்கலாம். கிரேக்கத்தின் சைக்ளாடிக் தீவுகளின் கைகட்டிய பளிங்குப் பாவைகளில் காலைக் கவனியுங்கள். விரல்நுனிகள் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். தானாக நிற்காது. அருங்காட்சியகத் தாங்கி அதை நிற்க வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதன் வெண்மையையும் நம்பிவிடாதீர்கள்: விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், ஒருகாலத்தில் வண்ணம் மூடிக் காத்த கண்ணும் புருவமும் மெல்லிய மேடாகத் தெரிவதுண்டு.

படி 3: உடைவு. உடைந்த பரப்பு மேற்பரப்பைப் போலவே நிறம் மங்கி, மண் படிந்திருந்தால் பழைய உடைவு. பளிச்சென்று இருந்தால் மண்வெட்டி பட்ட புது உடைவு. பழையது என்றாலே ‘சடங்குக்காக உடைத்தார்கள்’ என்று தாவ வேண்டாம்; மண்பாவையில் கழுத்தும் காலும் ஒட்டுப்போட்ட பலவீனமான இடங்கள், தாமாகவே முறியும். ஜப்பானின் ஷகாடோவில் கிடைத்த 1,100க்கும் மேற்பட்ட ஜோமோன் (ஜப்பானின் தொல்காலம்) மண்பாவைகளில் ஏறக்குறைய எல்லாமே உடைந்தவை. ஆனால் அது மட்டும் போதாது. சைக்ளாடிக் தீவுகளில் ஒன்றான கேரோஸிலோ பாவைத் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. அதனால்தான் வேறிடத்தில் உடைத்துக் கொண்டுவந்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. வேண்டுமென்றே உடைத்தது என்று எழுத இந்த அளவுக்குச் சான்று வேண்டும்.

படி 4: கிடைத்த இடம். இது தெரியாவிட்டால் பாதி வாசிப்பு போயிற்று. திருட்டுத்தோண்டலில் வெளிவந்த சைக்ளாடிக் பாவைகளுக்கு நேர்ந்த இழப்பு இதுதான். துருக்கியின் சாத்தால்ஹூயுக் என்ற தொல்லூரில், இருபுறமும் விலங்குகள் நிற்க அமர்ந்திருக்கும் பெண் 1961இல் தானியத் தொட்டியில் கிடைத்தாள். இப்போது நாம் பார்க்கும் தலை பிற்காலச் சீரமைப்பு. இதுபோன்ற பாவைகளை வைத்து ஊரே தேவியை வணங்கியது என்றார்கள். 1993இல் தொடங்கிய மறு அகழாய்வில் எண்ணிப் பார்த்தால், சிற்றுருவங்களில் விலங்குகளே அதிகம். பலவும் குப்பைமேட்டில் கிடந்தன.

படி 5: ஒப்பிடுதல். வில்லெண்டார்ஃபையும் சாத்தால்ஹூயுக்கையும் பருத்த உடலை மட்டும் வைத்து ஒரே வரிசையில் நிறுத்தாதீர்கள். இடையில் குறைந்தது 15,000 ஆண்டுகள் உண்டு.

இனி தாளை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் கண்டது: ‘அமர்ந்த பெண், சுடுமண், தலை புதிது, தானியத் தொட்டி.’ வலப்பக்கம் ஊகம்: ‘தெய்வமாகவோ மூதாட்டியாகவோ இருக்கலாம்.’ ‘இருக்கலாம்’ என்ற சொல்லை அடிக்காதீர்கள்.