ஈர நெல்லும் 95 சதவீதமும்: சராசரியைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறுவை அறுவடை நேரத்தில் மழையும் சேர்ந்துகொண்டால், மன்னார்குடிப் பக்கத்துக் கொள்முதல் நிலையங்களில் எங்கும் ஈரப்பதப் பேச்சுதான். நெல்லை ஏற்பதற்கான வரம்பு 17 சதவீதம். ஒரு பெருங்குவியலின் சராசரி ஈரப்பதம் 17-இலிருந்து வேறுபடுகிறதா என்று சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். அளந்தவை 16 மூட்டைகள், சராசரி 17.6, திட்டவிலக்கம் (மூட்டைக்கு மூட்டை ஈரம் எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு) 1.2.

பலரும் கைப்பழக்கமாக, இயல்நிலைப் பரவலில் 95 சதவீதத்துக்கு உரிய பெருக்கெண்ணான 1.96-ஐ எடுத்துவிடுகிறார்கள். திட்டப்பிழை, அதாவது சராசரியின் தடுமாற்ற அளவு, 1.2-ஐ 16-இன் வர்க்கமூலத்தால் வகுத்த 0.3 என்பதால், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (குவியலின் உண்மைச் சராசரிக்கு நாம் மதிப்பிடும் எல்லை) 17.01 முதல் 18.19 வரை வரும். 17 வெளியே நிற்கிறது. நெல் ஈரம் என்று தீர்ப்பாகிவிடும். ஆனால் அந்த 1.2 முழுக் குவியலின் திட்டவிலக்கம் அல்ல. அதே 16 மூட்டைகளிலிருந்து மதிப்பிட்டது. அந்த நிச்சயமின்மையையும் கணக்கில் சேர்க்கத்தான், டப்ளின் கின்னஸ் பீர் ஆலையில் பணிபுரிந்த வில்லியம் கோசெட் 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் தம் ஆய்வை வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்த டி-அட்டவணையில், கட்டின்மை எண் 15-க்கு (மூட்டை எண்ணிக்கையில் ஒன்று குறைவு) உரிய மதிப்பு 2.131. இடைவெளி 16.96 முதல் 18.24 வரை விரிகிறது. 17 உள்ளே வந்துவிட்டது. ஒருவரின் உழைப்பு ஏற்கப்படுமா, திருப்பி அனுப்பப்படுமா என்பது ஓர் அட்டவணையில் மாறுகிறது.

அதற்காக, சராசரி 17தான் என்று நிறுவிவிட்டதாகவும் எழுதக்கூடாது. 18-உம் அதே இடைவெளிக்குள்தான் இருக்கிறது. 95 சதவீத மூட்டைகள் இந்த எல்லைக்குள் இருக்கும் என்பதும் தவறு. இடைவெளி சராசரிக்கு உரியது.

17.6-ஐப் பார்த்த பிறகு, 17-க்கு மேலா என்று ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் ஒருமுனைச் சோதனைக்குத் தாவுவது இன்னும் மோசம். அதன் எல்லை 1.753, நம் டி-மதிப்பு (17-இலிருந்து உள்ள வேறுபாடான 0.6-ஐத் திட்டப்பிழை 0.3-ஆல் வகுத்தது) 2, எனவே உடனே 'ஈரம்' என்றாகிவிடும். வரம்பைத் தாண்டியதா என்பது மட்டுமே கேள்வி என்று அளக்கும் முன்பே முடிவுசெய்திருந்தால் அது முறையானது. தரவு காட்டிய திசையில் பிறகு சாய்ந்தால், சராசரி 17 ஆகவே இருந்தும் வேறு என்று தவறாகச் சொல்லும் 5 சதவீதப் பிழை வாய்ப்பு உண்மையில் 10 சதவீதமாகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு கணக்கு தொடங்கும் முன்பே நடக்கிறது. கைக்கு எட்டிய மேல்மூட்டைகளில் மட்டும் குத்தூசியைச் செருகினால், அடியில் தரை ஈரம் ஏறிய மூட்டைகள் கணக்கிலேயே வராது. ஒரே வயலில் ஒரே நாளில் அறுத்த நெல்லின் 16 மூட்டைகளும் ஏறக்குறைய ஒரே சேதியைத்தான் சொல்லும். அவற்றை 16 தனித்தனிச் சான்றுகளாக எண்ணினால் திட்டப்பிழை பொய்யாகச் சுருங்கும். எந்த அட்டவணையும் இதைச் சரிசெய்யாது. மூட்டைகளுக்கு எண்ணிட்டுக் குலுக்கல் முறையில் எடுங்கள். பல விவசாயிகளின் நெல் என்றால் முதலில் விவசாயிகளைக் குலுக்கலில் தேர்ந்து, ஒவ்வொருவரிடமும் சம எண்ணிக்கையில் மூட்டைகளை அளந்து, ஆளுக்கொரு சராசரியாக்கி, அந்தச் சராசரிகளைக் கொண்டு சோதனை செய்யுங்கள்.