வளர்ச்சி ஆய்வியல் முதுகலை: விண்ணப்பிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

பிரிட்டனில் வளர்ச்சி ஆய்வியல் (வறுமை, சமத்துவமின்மை, சமூக-பொருளாதார மாற்றம் ஆகியவற்றை ஆராயும் துறை) படிக்க விரும்புவோர், அங்கு முதுகலை படிக்கும் வெளிநாட்டவருக்கு பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது, 2,800 மணிநேரப் பணி அனுபவம் என்ற நிபந்தனையை முதலில் சரிபார்த்துக்கொள்வது நல்லது. பகுதிநேர வேலையும் தன்னார்வப் பணியும் இதில் சேரும் என்பதால், தொண்டு நிறுவனங்களில் ஊதியமின்றி உழைத்தவர்கள் தமக்குத் தகுதியில்லை என்று ஒதுங்கிவிட வேண்டாம். படிப்பு முடிந்ததும் குறைந்தது இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்பதையும் குடும்பத்தாரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

பெரும்பாலான விண்ணப்பங்கள் வலுவிழப்பது, ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் நோக்கக் கட்டுரையில்தான் என்பது என் உறுதியான கருத்து. "வறுமையை ஒழிக்க விரும்புகிறேன்" என்று எழுதுவதைவிட, சுயஉதவிக் குழுக் கடன் வாங்கிய பெண்ணுக்கு அந்தப் பணத்தைச் செலவிடும் முடிவில் உண்மையில் எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதுபோல, நீங்கள் களத்தில் நேரில் கண்ட ஒரு கேள்வியை முன்வைத்து, அதற்கு விடை தேட அந்தப் பாடத்திட்டத்தின் எந்தத் தாள் உதவும் என்று விளக்குங்கள்.

இங்கிலாந்தின் சசெக்ஸில் 1966 முதல் இயங்கும் வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தோடு, 1952இல் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் தொடங்கப்பட்ட சமூக ஆய்வு நிறுவனத்தையும் பாருங்கள். அங்கும் ஆங்கிலத்திலேயே படிக்கலாம். ஆனால் செவனிங் உதவித்தொகை அதற்குப் பொருந்தாது.